பிந்தாத கட்டைவிரல்

நான் பத்து வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவள். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் வழித்தடத்தில் கடைசி கண்டக்டர் நான்தான். எனக்குப் பிறகு வண்டியில் டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. கதவே ஆளைப் பார்த்துத் திறந்து மூடிக்கொள்கிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சரியான நேரத்தில் ஒரு சத்தம் கொடுப்பது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்த கதை இது.

என் நாத்தனார் தாரணி ஈட்டி எறிகிறவள். என் கணவர் சபரியின் தங்கை. வயது முப்பத்தொன்று, கோபம் மூக்குக்கு மேல். சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டு, போன தை மாதம் ஒரு பையோடும் ஒரு காகிதத்தோடும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காகிதத்தில் இரண்டே வரி. 'ஒலி சார்ந்த செயலிழப்பு. மீட்க இயலாது.'

அந்த மையத்தில் எல்லோருக்கும் காதுக்குள் கடுகு மாதிரி ஒரு பொட்டு ஒட்டிவிடுவார்கள். அதற்கு வைத்த பெயர் 'நொடிக்குறி'. ஆனால் அங்கிருக்கும் பெண்கள் அதைப் பல்லி என்றுதான் சொல்வார்கள், அது 'ச்' என்று பல்லியைப் போலவே சத்தம் கொடுப்பதால். வீட்டில் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது சுவரில் பல்லி கத்தினால், 'பாத்தியா, பல்லி சொல்லிருச்சு' என்று விரலை மடக்கித் தரையில் தட்டுவோம் இல்லையா, அந்த மரியாதைதான் இதற்கும். ஈட்டி எறிய ஓடி வந்து இடது காலை ஊன்றும்போது முட்டி நேராக இருக்க வேண்டும், எறியும் கை இன்னும் பின்னால் இருக்க வேண்டும். அந்த ஒரு கணம் சரியாக அமைந்தால் பல்லி சொல்லும், கூடவே காதுக்குப் பின்னால் நரம்பில் இதமாக ஒரு கூச்சம் ஓடும். அமையாவிட்டால் பேசாமல் இருக்கும். திட்டாது, விளக்காது, ஒருநாளும் தப்பாகச் சொல்லாது.

போட்டியில் மட்டும் காதில் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. முதல் ஓரிரு வருடம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து வருடம் பல்லியோடு வாழ்ந்தவர்கள்தான் ஒவ்வொருவராகக் கழன்று விழுந்தார்கள். பன்னிரண்டு பேர். தாரணி தேசியப் போட்டியில் மூன்று தடவை ஓடி வந்து, மூன்று தடவையும் ஈட்டியைக் கையை விட்டு எறியாமலே கோட்டைத் தாண்டிப் போய் நின்றாளாம்.

எங்கள் ஊர் மைதானத்தில் நானே பார்த்தேன். மலைக்கோட்டைப் பாறை தெரிகிற பக்கம் பார்த்து எறிந்தாள். எறிந்துவிட்டு ஈட்டி எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்று காத்திருக்கிற மாதிரி நின்றாள்.

"என்னடி, எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

"தெரியல அண்ணி," என்றாள். "நெசமாவே தெரியல. நல்லா எறிஞ்சேனா, கேவலமா எறிஞ்சேனான்னு ஒண்ணுமே தெரியல."

அந்த வாரம் மையத்திலிருந்து இம்தியாஸ் என்று ஒரு எஞ்சினியர் வந்தார். ஒடிசலான ஆள், கண்ணாடி, யாரையும் நேராகப் பார்க்காத கூச்சம். பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் போய் விசாரித்துக்கொண்டிருந்தார். காபி கொடுத்து உட்கார வைத்து, நான்தான் ஆரம்பித்தேன்.

"இவளுக்கு என்னதான் தம்பி ஆச்சு?"

"ஒடம்புல ஒரு கோளாறும் இல்லக்கா. வீட்ல ஒருத்தரே எப்பவும் உப்பு பாத்தா, மத்தவங்களுக்கு நாளாக நாளாக உப்பு பாக்கத் தெரியாமப் போகுதுல்ல? அந்த மாதிரிதான். எறிஞ்சது சரியா தப்பான்னு ஆறு வருஷமா பல்லி பாத்துக்கிச்சு. அது தப்பே பண்ணாதுங்கிறதால, இவங்க மூளை அந்த வேலையையே விட்ருச்சு."

"இதைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாரு? அவனை ஒரு நாள் நான் பாக்கணும்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நாந்தாங்க்கா."

உள்ளே இருந்து தாரணி வந்து நின்றாள். "ஆடி மாசம் தேர்வுப் போட்டி இருக்கு," என்றாள். "அறுபது மீட்டர் எறிஞ்சா இந்தியா டீம். இதை விட்டா அடுத்தது நாலு வருசம் கழிச்சு. அப்போ எனக்கு முப்பத்தஞ்சு. எனக்கு அந்தப் பல்லியத் திருப்பிக் குடுத்துருங்க சார், பயிற்சிக்காவது."

"குடுத்தா இன்னும் மோசமாகும்மா."

"அப்ப நான் என்னதான் பண்றது? வீட்ல உக்காந்து வத்தல் போடவா?"

அவள் குரல் உடைந்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வீராப்பு வந்துவிட்டது. "சத்தந்தானேடி வேணும்? மிஷினு குடுத்தா மூளை தூங்குதுன்னா, மனுசி குடுக்குறேன். நான் இருக்கேன்ல?"

"அக்கா, கண்ணு பாத்து, மூளைக்குப் போயி, கைக்கு வர்றதுக்கு ஒரு நொடியில அஞ்சுல ஒரு பங்கு ஆயிரும்," என்றார் இம்தியாஸ். "அதுக்குள்ள ஈட்டி கையை விட்டே போயிருக்கும்."

"தம்பி, ஓடுற பஸ்ல பத்து வருசம் விசில் ஊதுனவ நான். நீங்க காபியக் குடிங்க."

வாய்தான், வேறென்ன.

மாசித் திருவிழாக் கடையில் ஒரு தகரத் தவளை வாங்கினேன். வயிற்றை அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் வருமே, அந்தப் பொம்மை. விசிலுக்கு மூச்சு வேண்டும், தவளைக்குக் கட்டைவிரல் போதும். பேச்சு இல்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். சரியாக இருந்தால் டிக். இல்லையென்றால் ஒன்றுமில்லை. அடித்த டிக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. தாரணி தினமும் காலையும் சாயங்காலமும் எறிந்தாள், நான் பக்கவாட்டில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து அடித்தேன். முதல் நாளே அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. சத்தம் கேட்டதும் தலை நிமிர்ந்தது. நான் வீட்டுக்கு வந்து சபரியிடம் பீற்றிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அவள் எறியும் தூரம் நாற்பத்தெட்டு மீட்டரிலிருந்து நாற்பத்து நாலாகக் குறைந்தது.

எனக்குக் காரணம் பிடிபடவில்லை. நாங்கள் கூப்பிடாமலே இம்தியாஸ் மறுபடியும் வந்தார். கேமராவும், கட்டைவிரலில் மாட்டுகிற ஒரு மோதிரமும் கொண்டுவந்திருந்தார். விரல் எந்த நேரத்தில் அமுக்குகிறது என்று அந்த மோதிரம் குறித்துக்கொள்ளும். இருபது தடவை எறிய வைத்து, படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

தாரணியின் கால் அழகாக ஊன்றுகிறது. சத்தமில்லை. கை முன்னால் வருகிறது. சத்தமில்லை. ஈட்டி கையை விட்டுப் போய், அவள் இடுப்பு மடங்கி, தலை குனிந்து முன்னால் சாயும்போது, டிக்.

"கால் ஊன்றதுக்கு நீங்க சத்தம் குடுக்கலக்கா," என்றார். "குனியிறதுக்குக் குடுத்துருக்கீங்க. ரெண்டு வாரமா அவங்க குனியக் கத்துக்கிட்டாங்க. இப்ப ஈட்டி கையில இருக்கும்போதே குனியிறாங்க."

எனக்கு ஏன் இப்படி ஆனது என்று அப்போதே விளங்கிவிட்டது. கண்டக்டர் வேலையில் கடைசி ஆளின் இரண்டாவது காலும் படியில் பட்டதைப் பார்த்து, மனதுக்குள் 'சரி' என்று சொல்லிக்கொண்டு, பிறகுதான் ஊதுவோம். பிந்தி ஊதினால் நாலு பேர் திட்டுவார்கள், அவ்வளவுதான். முந்தி ஊதினால் ஒரு ஆள் சக்கரத்தில். பத்து வருடமாக என் உடம்பு பிந்துவதற்குத்தான் பழகியிருந்தது, அதையே நான் திறமை என்று நினைத்திருந்தேன்.

தாரணி ஈட்டியைத் தரையில் போட்டாள். "நீ என்னைக் கெடுத்துட்ட அண்ணி! அந்த மிஷினு என்னைப் பாதி கெடுத்துச்சு. மிச்சத்த நீ கெடுத்துட்ட!"

கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அவள் என்னை 'நீ' என்றது அன்றுதான். அழுகை வந்தது, மூக்கைச் சிந்திவிட்டு இம்தியாஸிடம் கேட்டேன்: "இதைப் பழகிக்க வழி இருக்கா, இல்லையா?"

"பந்து இருக்காக்கா வீட்ல?"

இப்படித்தான் முப்பத்தாறு வயதில் நான் மாணவியானேன். சபரி நாற்காலி மேல் ஏறி நின்று டென்னிஸ் பந்தைக் கீழே போடுவார். அது தரையில் படும் நேரத்தில் நான் தவளையை அமுக்க வேண்டும். மோதிரம் கணக்குச் சொல்லும். முதல் நாள் முழுக்கப் பிந்தினேன். பந்து பட்டதைப் பார்த்துவிட்டு அடித்தால் எப்போதும் பிந்தும். அது விழுந்துகொண்டிருக்கும்போதே விரல் கிளம்பிவிட வேண்டும். சொல்வது சுலபம். விரல் கேட்க வேண்டுமே! ஒரு வாரத்தில் பந்து கை வந்தது. அடுத்து, மேலே தூக்கிப் போட்ட பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அடிக்கச் சொன்னார். அதில் சத்தமும் இல்லை, தரையும் இல்லை, கண்தான் துணை.

அதன் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். செய்தி வாசிக்கிற பெண் கண் இமைக்கும்போதெல்லாம் டிக். பஸ் ஸ்டாண்ட் ஓட்டல் வாசலில் நின்று, மாஸ்டர் பரோட்டாவைக் கல்லில் அறைகிற ஒவ்வொரு அறைக்கும் டிக். "யக்கோவ், நான் வீசுறதுக்கு நீ என்ன தாளமா போடுற? நாலு வாங்கித் தின்னுட்டுப் போ," என்றார் அவர். சபரி சோறு விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குவதற்கு டிக் அடித்தபோதுதான் அவருக்குப் பொறுமை போனது.

"ஏய், நிம்மதியா ஒரு வாய் சோறு திங்க விடுறியா? எனக்குப் புரையேறுதுடி!"

"ஒந்தங்கச்சிக்காகத்தான் பண்றேன். இன்னும் பத்து வாய் தின்னு."

ஒரு மாதம் கழித்து எனக்குள் ஒன்று திறந்துகொண்டது. ஓடும் பஸ்ஸிலிருந்து எவன் குதிக்கப் போகிறான் என்று எனக்கு எப்போதுமே முன்கூட்டித் தெரியும். அவன் கால் சொல்லாது, தோள் சொல்லிவிடும். கம்பியைப் பிடித்த கை இளகும், தோள் ஒரு நூல் இறங்கும், நான் உடனே "யோவ்!" என்று கத்துவேன். விசிலுக்குத்தான் பிந்தினேனே தவிர, அந்த "யோவ்!"வுக்கு நான் ஒருநாளும் பிந்தியதில்லை. அதே கண்ணால் தாரணியைப் பார்த்தேன். கால் ஊன்றுவதற்கு முந்தின அடியை வைக்கும்போதே அவள் இடுப்பு சொல்லிவிட்டது. விரல் தானாகக் கிளம்பியது.

இம்தியாஸ் மோதிரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நொடியை ஆயிரமாப் பிரிச்சா, ஒரு பத்து முன்னபின்ன இருக்கீங்க. அவங்க கால் தரையில படுறதுக்கு முன்னாடியே உங்க விரல் கிளம்பிருது. எப்பிடிக்கா?"

"பாத்து அடிக்கலப்பா. நம்பி அடிக்கிறேன்."

தாரணி நாற்பத்தெட்டைத் தாண்டினாள், ஐம்பதைத் தாண்டினாள். சித்திரை வெயிலில் ஐம்பத்து மூன்று வந்தது. என்னை மறுபடியும் 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

நம்பி அடிப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. நம்பினது நடக்காமல் போனால் அடித்தது அடித்ததுதான். ஒரு சாயங்காலம் அவள் ஓடி வந்தாள், இடுப்பு சரியாக இருந்தது, என் விரல் கிளம்பிவிட்டது. கடைசிக் கணத்தில் அவள் முட்டி லேசாக மடங்கியது. டிக் விழுந்துவிட்டது. நான் ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். தாரணி ஈட்டியை எடுத்து வரப் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, அது சரியில்ல."

"பேச்சு இல்லன்னு ஒப்பந்தம்."

"சரியில்ல அண்ணி. முட்டி மடங்கிருச்சு. இந்த எடத்துல அடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல." இடது கைக் கட்டைவிரலை ஆள்காட்டி விரல் மேல் வைத்து, தவளையை அமுக்குவது போல அமுக்கிக் காட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பாடுபட்டுப் பழகியவளிடம் வந்து சரியில்லை என்கிறாள்! "ஆமாடி, ஒனக்கு எல்லாம் தெரியும்!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவளுக்கும் உறைத்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, எனக்குத் தெரிஞ்சுது," என்றாள். "எனக்குத் தெரிஞ்சுது அண்ணி! யாரும் சொல்லல, எனக்கே தெரிஞ்சுது!"

இரண்டு பேரும் மைதானத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த ஆட்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் உடம்பு அவளிடம் பேசியிருக்கிறது. பேச வைத்தது என் திறமை இல்லை, என் பிழை.

இம்தியாஸிடம் சொன்னபோது அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பல்லி தப்பு பண்ணவே கூடாதுன்னு மூணு வருஷம் உழைச்சேன்க்கா," என்றார். "தப்பு பண்ணாத ஒண்ணுகிட்ட யாருக்கும் சண்டை போடத் தோணாது. சண்டை போடாதவங்க தன்னைப் பாக்க மாட்டாங்க. இதை நான் யோசிக்கவே இல்ல."

"அப்ப உங்க பல்லிக்குத் தப்பு பண்ணக் கத்துக் குடுங்க."

"தப்பா சொல்ற மிஷினை எந்த மையம் வாங்கும்?"

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நான் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே போனேன். என் பிழைகள் நூற்றுக்கு ஏழிலிருந்து மூன்றாகி, ஒன்றானது. வைகாசிக் கடைசியில் ஒரு காலை, தாரணி எறிந்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஈட்டியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். நானே பல்லியாகிவிட்டேன்.

அன்றே முடிவு செய்தேன். இனிமேல் வேண்டுமென்றே தப்பாக அடிக்க வேண்டும்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. படுமோசமான எறிதலுக்கு டிக் அடித்தால் விளையாட்டு என்று கண்டுபிடித்துவிடுவாள். ஒரு நூல் மட்டும் தப்பான எறிதலைக் கண்டுபிடித்து, அதற்கு அடிக்க வேண்டும். சில சமயம் முழுக்கச் சரியான எறிதலுக்கு அடிக்காமல் நிற்க வேண்டும். மறுபடியும் பந்து, மறுபடியும் நாற்காலி. பந்து தரையில் படுவதற்குக் கால் ஜாண் முன்னால் அடிக்கப் பழகினேன், பிறகு நாலு விரற்கடை, பிறகு ஒரு விரற்கடை. சபரிக்கு ஒன்றும் புரியவில்லை. "இத்தன நாளா சரியா அடிக்கிறதுக்குப் பழகின, இப்ப தப்பா அடிக்கிறதுக்கா? ஒனக்கு என்னதான்டி வேணும்?" என்று நாற்காலி மேலிருந்தே கேட்டார்.

மனசுக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு தடவை அவள் எறிந்த எறி, கோவில் சிலை மாதிரி ஒரு ஊன்றல், ஐம்பத்தேழு மீட்டர். நான் விரலைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். சத்தம் வராமல் அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் 'அருமைடி தங்கம்' என்று சொல்ல நாக்குத் துடித்தது.

"இது ஏமாத்து இல்லையாக்கா?" என்று இம்தியாஸ் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"ஏமாத்துதான்," என்றேன். "என்னை நம்பி நிக்கிறவளத்தான் ஏமாத்துறேன். வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க, விட்டுர்றேன்."

நூற்றுக்குப் பத்தில் ஆரம்பித்து, ஆனி முடிவதற்குள் முப்பது வரை போனேன். தாரணி முதலில் வாதாடினாள், கட்டைவிரலைக் காட்டிச் சண்டை போட்டாள். கடைசி மாதம் வாதாடுவதை நிறுத்திவிட்டாள். தோற்றுவிட்டோமோ என்று பயந்தேன், ஆனால் நிறுத்தவில்லை.

ஆடி மாதம், சென்னை. தேர்வுப் போட்டி. வாசலில் என் பையைச் சோதித்தவர்கள், ஒலி எழுப்பும் பொருள் உள்ளே போகக் கூடாது என்று தவளையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மோதிரத்தை மட்டும் விட்டார்கள், அதைப் பார்த்தால் சாதாரண மோதிரம்தான். நான், சபரி, இம்தியாஸ் மூவரும் கம்பித் தடுப்பை ஒட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தோம். இம்தியாஸ் கேமராவை நிறுத்தினார். எங்களுக்குப் பின் வரிசையில் மற்றப் பதினோரு பேரில் ஆறு பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். 'மீட்க இயலாது' என்ற அதே காகிதம்தான் அவர்கள் வீட்டிலும் இருக்கிறது.

முதல் எறி ஐம்பத்தைந்து மீட்டர். இரண்டாவது, கோட்டை மிதித்துவிட்டாள், சிவப்புக் கொடி. மூன்றாவது ஐம்பத்தேழரை. கடைசி எட்டுப் பேரில் வந்துவிட்டாள், இன்னும் மூன்று எறி உண்டு. நாலாவது ஐம்பத்தெட்டு. ஐந்தாவது ஐம்பத்தொன்பது மீட்டர் நாற்பது. சபரி நகத்தைக் கடித்தே தின்றுவிட்டார். ஒரே ஒரு எறி பாக்கி.

தாரணி தண்ணீர் குடித்துவிட்டுத் தடுப்புக்கு வந்தாள். பயிற்சியாளரிடம் பேச அனுமதி உண்டு. முகமெல்லாம் வியர்வை. குனிந்து என் காதருகே கேட்டாள்.

"அண்ணி, கடைசி மாசம் எத்தனை பொய்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நூத்துக்கு முப்பது," என்று வாய் தானாக உளறிவிட்டது.

"முப்பது இல்ல. முப்பத்துமூணு. நான் எண்ணிட்டேன்."

"தெரிஞ்சுதான் இருந்தியா? தெரிஞ்சும் ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவீங்களே!" சிரித்தாள். பழைய தாரணியின் சிரிப்பு, பல்லெல்லாம் தெரிய. "ஒவ்வொரு டிக்குக்கும் மனசுக்குள்ள இது நெசம், இது பொய்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்த ஐம்பத்தேழுக்கு அடிக்காம நின்னீங்க பாருங்க, உங்க மூஞ்சியப் பாக்கணுமே! கல்லு மாதிரி நிக்கிறதா நெனப்பு. தாடை ஆடுது."

"போடி கழுதை. போய் எறி."

"எறியத்தான் போறேன்."

ஓடுதளத்தின் முனையில் போய் நின்றாள். என் வலது கை மடியில் கிடந்தது, வெறும் கை. மோதிரம் போட்ட கட்டைவிரல் தொடையின் மேல். தாரணி ஓடி வந்தாள். நான் அவள் இடுப்பைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் பார்த்த இடுப்புதான், ஆனால் இந்தத் தடவை அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் போன வேகத்துக்கு என் கண்ணால் ஈடுகொடுக்க முடியவில்லை. இடது கால் விழுந்தது. ஈட்டி போய்விட்டது.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஈட்டி வானத்தில் இருக்கும்போதே திரும்பி எங்கள் பக்கம் நடந்து வர ஆரம்பித்துவிட்டாள், இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு. தலை சாயவில்லை. யார் கையையும் அவள் பார்க்கவில்லை. பின்னால் வெள்ளைக் கொடி உயர்ந்தது. பலகையில் எண் வந்தது: அறுபத்தொரு மீட்டர் எழுபத்து நான்கு.

சபரி போட்ட கூச்சலில் பக்கத்து வரிசைக்காரர் பாப்கார்னைக் கொட்டிவிட்டார். பின்னால் அந்த ஆறு பெண்களும் எழுந்து நின்று, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி கத்தினாள்: "அவ பாக்கவே இல்லடி! பாக்காமயே தெரிஞ்சுருச்சுடி அவளுக்கு!" நான் தடுப்பின் மேல் பாதி ஏறிவிட்டேன். காவலுக்கு நின்றவர் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் அடங்கி நாங்கள் வெளியே மர நிழலில் நின்றபோது இம்தியாஸ் படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார். கால் ஊன்றும் அந்தக் கணத்தில் தாரணியின் இடது கை மார்போடு மடங்கியிருக்கிறது. அதில் கட்டைவிரல், ஆள்காட்டி விரலை அமுக்குகிறது. அவள் கையில் இல்லாத தவளையை அவளே அடித்திருக்கிறாள்.

"சரியா அந்த நேரத்துல," என்றார் இம்தியாஸ். "ஆயிரத்துல ஒண்ணுகூட முன்னபின்ன இல்ல. இங்க மோதிரத்தப் பாருங்க. நீங்களும் தொடையில அடிச்சிருக்கீங்க." தயங்கினார். "அக்கா, நீங்க பிந்திட்டீங்க. ஆயிரத்துல நாப்பது."

"என்னது? அண்ணி பிந்திட்டாங்களா?" என்று தாரணி துள்ளினாள். "யாரு, எங்கண்ணியா? இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க சார், வீட்ல மாட்டி வைக்கணும்."

நான் பிந்தியதற்காக மனசு நிறைந்து நின்றது அன்றுதான். கையெடுத்துக் கும்பிட்டேன், யாரை என்று கேட்காதீர்கள்.

வாசலில் என் தவளையைத் திரும்பக் கொடுத்தார்கள். தாரணி அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னும் எதுக்குடி ஒனக்கு அது?"

"எனக்கில்ல. பின்னாடி ஒக்காந்திருந்தாளுகள்ல, அவளுகளுக்கு. மிச்ச அஞ்சு பேருக்கும் சேத்து. நானே பழகி நானே அடிக்கப் போறேன்."

"மொதல்ல சரியா அடிக்கப் பழகு. தப்பா அடிக்கிறதெல்லாம் அதுக்கப்புறந்தான், அது லேசுப்பட்ட வேலை இல்ல."

மறுநாள் பகல் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை, கதவு தானாக மூடிக்கொண்டது. இந்தியா டீமில் சேர்ந்துவிட்ட என் நாத்தனார், நடைபாதையில் டென்னிஸ் பந்தைப் போட்டுப் போட்டுத் தவளையை அமுக்கிக்கொண்டே வந்தாள். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பித் திரும்பி முறைத்தார்கள். செங்கல்பட்டிலிருந்து திருச்சி வரை ஒரு தடவை விடாமல் பிந்தித்தான் அடித்தாள். அதை அவளே கண்டுபிடிக்கட்டும் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.